மேல்பாதிப் படிகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் மொன்றியலில் என்ன செய்துவிட முடியும்?

சொல்கிறேன். வில்லரேயில் ஒரு வீடு. செயின்ட்-மிஷேலில் இன்னொரு வீடு. தரைக்கு டைல்ஸ் பதிக்கும் கம்பனி ஒன்று. தொடங்கும்போது நானும் ஒரு வாளியும்தான், இன்று வாசலில் வான்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு பிள்ளைகளின் படிப்பு. ஊரிலிருந்து கூப்பிட்டெடுத்த தம்பிமார், மச்சான்மார், அவர்களுடைய கலியாணங்கள். எங்கள் தமிழ்ப் பங்குக் கோவிலின் மண்டபத்தில் பிறந்தநாள் வைத்து ஆடுகிறீர்களே, உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் அந்தத் தரை.

பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலம் அரைகுறை. காலில் கிடந்தது யாரோ தந்த சப்பாத்து, அதுவும் எனக்குப் பெரிது. அப்படித் தொடங்கியவன் நான்.

இதையெல்லாம் இந்தப் பத்திரிகையில் முன்பே எழுதிவிட்டீர்களே என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. எழுதினேன்தான். இன்னும் எழுதுவேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் என் மகள் ஷாமினி அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, இந்த மொன்றியலிலை எதையாவது முன்வாசலாலை பாத்திருக்கிறியளோ?"

யோசித்துப் பார்த்தேன்... ஹோட்டல்கள் என்றால் எனக்குச் சாமான் இறக்கும் கதவு. கடைத்தொகுதிகள் என்றால் நிலக்கீழ் வழி. டோர்வல் விமான நிலையம் என்றால் கழிவறை. பயணம் போய் அல்ல, தரை போட்டுத்தான் எனக்கு அதைத் தெரியும். இந்த நகரத்தை நான் முழங்காலில் நின்று, குனிந்துதான் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து பார்க்க எங்கே நேரம் இருந்தது?

ஷாமினி சுற்றுலா பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் வாங்கித் தந்தாள். காரணம் நான் இல்லை, அவளுடைய அம்மா.

என் மனைவி பிலோமினாவுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாற்று மூட்டு வைக்க வேண்டும். காத்திருந்து காத்திருந்து நாங்களே மறந்திருந்த வேளையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது — வருகிற வியாழக்கிழமை ஒப்பரேஷன். அதற்குப் பிறகு நெடுநாள் வீட்டோடுதான். முழங்காலில் நிற்பதையே மறந்துவிடுங்கள் என்று தாதி சொல்லிவிட்டாள்.

"அதுக்கு முதல் அம்மா இருந்தபடியே ஊரைப் பாக்கட்டும். ஆனால் அப்பா, அவவை ஒரு இடமும் ஏற விடாதைங்கோ. நீங்கள்தான் பொறுப்பு."

பொறுப்பு என்று சொல்லிவிட்டாள் அல்லவா? எடுத்த வேலையைப் பாதியில் விட்ட சரித்திரம் எனக்கு இல்லை. பாதி பதித்த தரையில் யாராவது நடக்க முடியுமா? ஒரே நாளில் முழு நகரமும். இறங்குவது இல்லை. சுற்றி முடிப்பது. தீர்மானித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை காலை இரண்டு தட்டுச் சிவப்பு பஸ்ஸுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். பிலோமினாவின் கையில் ஒரு பெரிய பை.

"என்ன பிலோ, பை இந்தப் பாரம்?"

"ரோல்ஸ் கொஞ்சம் போட்டனான். உங்களுக்குப் பசிக்குமெல்லே."

பசிக்கும்தான். மேலே விசாரிக்கவில்லை.

எல்லோரும் மேல் தட்டுக்கு ஓடினார்கள். பிலோமினாவால் ஏற முடியாது. நாங்கள் கீழே, ஜன்னலோரம். எங்களுக்கு முன்னால் மைக்கோடு வழிகாட்டிப் பெண், சோஃபி என்று பெயர். எங்கள் ஷாமினியிலும் இளையவள். பிரெஞ்சில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை — இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள்.

பழைய நகரத்தின் பெரிய மாதா கோவில் வந்தது. கட்டியவர் இன்னார் என்றாள். நகரசபை மண்டபம் வந்தது. வரைந்தவர் இன்னார். துறைமுகம், பாலம்... எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். நானும் சும்மா இருக்கவில்லை.

"பிலோ, அந்தக் கோவிலுக்குப் பின் தெருவிலை ஒரு ரெஸ்டோரண்ட் இருக்கு. குசினித் தரை என்ரை."

"ம்."

"அந்தா, அந்த பாங்க் கட்டடம். கீழ்த் தட்டு முழுக்க நான்."

"ம்."

"டோர்வலிலை இறங்கிற சனம் முதல் முதல் கால் வைக்கிற—"

"அதைக் கிளப்பிப்போட்டு வேறை போட்டிட்டாங்கள். தம்பியைக் கூட்டப் போகேக்கை பாத்தனான்." பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்கள் டைல்ஸ் பதிக்காத இடம் ஒண்டு இருந்தால் சொல்லுங்கோ. அதிலை இறங்குவம்."

நகரத்தின் நடுவே ஒரு பெரிய ஹோட்டல். அதன் சரித்திரத்தைச் சோஃபி சொல்லி முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு கையை உயர்த்தினேன்.

"மத்மசெல், முன்கூடத்துத் தரை — நான்."

வேறொருத்தி என்றால் சிரித்து மழுப்பியிருப்பாள். இவள் என்ன கல், எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டாள். கேட்டுவிட்டு மைக்கில் சொன்னாள்: அந்த ஹோட்டலின் தரையைப் பதித்தவர் இந்த பஸ்ஸில் நம்மோடு வருகிறார். மேல் தட்டில் கைதட்டல் கேட்டது. முகம் தெரியாத சனம்... எனக்குக் கைதட்டியது.

பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இனி ஒரு கிழமைக்கு இதுதான் கதை," என்றாள்.

பஸ் மலையைச் சுற்றி இறங்கியது. தூரத்தில் பச்சைக் கூரைக் கோபுரம் தெரிந்தது. சூசையப்பர் கோவில். கத்தோலிக்கர், இந்துக்கள் என்ற வித்தியாசம் இல்லாமல் எங்கள் சனம் முழுவதும் போகிற இடம். நான் வருடா வருடம் பிலோமினாவை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

கோபுரத்தைக் கண்டதும் அவள் பையைத் திறந்தாள். ரோல்ஸ் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். அதற்குக் கீழே மெழுகுவர்த்திகள். அதற்கும் கீழே — என்னுடைய முழங்கால் மெத்தைகள். டைல்ஸ் பதிக்கும்போது நான் கட்டுகிற, தடித்த ரப்பர் வைத்த அதே சோடி.

"இஞ்சருங்கோ, நான் இதிலை இறங்கப்போறன்."

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பேத்தி மியா மாதம் நிரம்பாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் பிலோமினா ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளை பிழைத்தால் சூசையப்பர் கோவிலின் நடுப்படிகளில் முழங்காலால் ஏறி வருவதாக. பிள்ளை பிழைத்தது. இன்று கார்டரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறதாம், அந்த அளவுக்குச் சுகம். நேர்த்தி மட்டும் நின்றுவிட்டது. முதலில் குளிர், பிறகு முழங்கால்.

"பிலோ, விசர்க் கதை கதையாதையும். வியாழக்கிழமை ஒப்பரேஷன்."

"அதுதான் சொல்லுறன். வியாழனுக்குப் பிறகு இந்த முழங்கால் என்ரை இல்லை. ஆஸ்பத்திரிக்காரன்ரை. நேர்ந்தது இந்த முழங்கால்."

"ஷாமினி என்னைத்தான் பேசுவாள்."

"பேசட்டும். நீங்கள் பேச்சு வாங்காத ஆளே?"

"மெத்தை கட்டிக்கொண்டு ஏறினால் அது நேர்த்தியோ?"

"முழங்காலாலை ஏறுறன் எண்டுதான் நேர்ந்தனான். வெறும் முழங்காலாலை எண்டு சொல்லேல்லை."

இந்த மனுசியோடு யார் வழக்காடுவது? பஸ் நின்றது. இறங்கினோம். அடுத்த பஸ்ஸில் வருகிறோம் என்று சோஃபியிடம் சொன்னேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே படிகள் மூன்று வரிசை. இரு கரையும் நடந்து ஏறுகிறவர்களுக்கு. நடுவில் மரப்படிகள். அவை முழங்காலால் ஏறுகிறவர்களுக்கு மட்டும், அறிவித்தலே போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் தொடங்குவதுபோலத்தான் பிலோமினாவும் தொடங்கினாள்... முழுப் பாரமும் முழங்கால் சில்லில். நான் விடுவேனா?

"முழங்காலை விளிம்பிலை வையாதையும். உள்ளுக்குத் தள்ளி வையும். பாரத்தை இடுப்புக்குக் குடும். நல்ல கால் முதல், வருத்தக்கால் பேந்து."

"செபம் சொல்ல விடுங்கோப்பா."

ஒரு படி, ஒரு அருள் நிறைந்த மரியே. அடுத்த படி, இன்னொன்று. நான் பக்கத்துச் சீமெந்துப் படியில் அவளுடைய கையைப் பிடித்தபடி நடந்தேன். படிகள் பாதி வழியில் ஒரு அகன்ற தட்டில் நிற்கின்றன. அதுவரை வந்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அடுத்த படிக்குக் காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. மறுபடியும் தூக்கினாள். வரவில்லை. வருத்தக்கால் அப்படியே இறுகிவிட்டது. தூக்கி நிறுத்தினேன். அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். பிள்ளை பெட்டிக்குள் கிடந்தபோதுகூட என் முன்னால் அழாதவள், அந்தத் தட்டில் நின்று அழுதாள்.

"பாதியிலை விட்டிட்டன்," என்றாள்.

பாதியில்...

எனக்கு அந்தச் சொல் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் படியில் நிற்கிறவள் யார்? என் மனைவி. யாருக்காக வைத்த நேர்த்தி? என் பேத்திக்காக. அப்படியென்றால் இது யாருடைய வேலை?

"மெத்தையைக் கழட்டும்."

"என்னத்துக்கு?"

"கழட்டும் எண்டுறன். நேர்த்தியை வீட்டுக்காரர் ஆரும் முடிக்கலாம். உம்மடை அம்மாவின்ரை நேர்த்தியை நீர் முடிக்கேல்லையே?"

"உங்கடை முழங்காலும் போட்டுதே."

"போனதெண்டாலும் வேலை தெரிஞ்ச முழங்கால்."

கட்டினேன். முழங்காலில் இறங்கினேன். வாழ்நாள் முழுவதும் முழங்காலில் நின்று உழைத்தவனுக்கு அந்தப் படிகள் என்ன பெரிது என்று எழுத ஆசைதான். ஆனால் தரை வேறு, படி வேறு. தரை ஏறாது. சில படிகளிலேயே இரண்டு முழங்காலும் ஒன்றாய்ச் சேர்ந்து என்னைப் பேசத் தொடங்கின. நான் அவற்றின் பேச்சைக் கேட்கவில்லை.

பிலோமினா கைப்பிடியைப் பிடித்து, பக்கத்துப் படியில் ஒவ்வொன்றாக என்னோடு வந்தாள். செபம் அவளுடையது. முழங்கால் என்னுடையது. நடுவே நான் மூச்சு வாங்க நின்றபோது, "பாரத்தை இடுப்புக்குக் குடுங்கோ," என்றாள். என்னுடைய தொழிலை எனக்கே.

மேலே ஏறிவிட்டோம். மெழுகுவர்த்தி கொளுத்தினோம். சூசையப்பரும் கைவேலைக்காரர்தானே? தச்சர். மரப்படியின் அருமை அவருக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. தொழிலாளியும் தொழிலாளியும் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போவோம் என்றாள் பிலோமினா. முடியாது என்றேன். ஒரே நாளில் முழு நகரமும் என்று சொன்னேனா இல்லையா? பஸ்ஸுக்குக் காத்திருந்து, ரோல்ஸ் சாப்பிட்டோம். சுற்றி வந்த பஸ்ஸில் அதே சோஃபி. நொண்டிக்கொண்டு ஏறிய என்னைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் உடனே மைக்கை எடுத்து, இந்த மிஸ்யு படிகளின் மேல்பாதியை முழங்காலால் ஏறி வந்திருக்கிறார் என்றாள். மீண்டும் கைதட்டல். ஸ்டேடியத்தின் சாய்ந்த கோபுரம்வரை பார்த்து முடித்துத்தான் வீட்டுக்குப் போனோம்.

ஷாமினி தொலைபேசி எடுத்தாள். "அம்மா, கனக்க நடக்கேல்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை. கோயிலடியிலை கொஞ்ச நேரம் நிண்டனான். அப்பாதான் கால் நோகுதெண்டு கிடக்கிறார்."

இதுவரைக்கும் எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமைதான் பிழைத்தது.

பூசை முடிந்ததும் எங்கள் ஃபாதர் அறிவித்தல் வாசித்தார். நம் பங்கைச் சேர்ந்த பிலோமினா, ஒப்பரேஷனுக்கு முன்பாக, சூசையப்பர் கோவில் படிகளை முழங்காலால் ஏறித் தன் நேர்த்தியை நிறைவேற்றியிருக்கிறார், அவருக்காகச் செபிப்போம் என்றார். சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது, அவளை. பெண்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். பக்கத்தில் இரண்டு முழங்காலும் வீங்கியபடி நான் இருந்தேன். தள்ளி இருங்கோ அண்ணை என்று ஒருத்தி சொன்னாள்.

வீட்டுக்குப் போக வான் வண்டியில் ஏறியதும் கேட்டேன். "ஃபாதருக்கு நீர் முழுக்கச் சொல்லேல்லையோ?"

"நேர்த்தி முடிஞ்சுது எண்டு சொன்னனான். அது பொய்யே? நேர்த்தி என்ரை. நீங்கள் கால் குடுத்தனீங்கள்."

கால் கொடுத்தவனுக்குப் பெயர் இல்லையா? ஊர் சுற்றிக்காட்ட வந்த வேற்றுப் பெண்ணுக்குத் தெரிந்த நியாயம் என் பங்குக்குத் தெரியக்கூடாதா? இந்த நகரத்தில் நான் போட்ட தரைகளில் ஒன்றிலும் என் பெயர் இல்லை. போகட்டும் என்று விட்டேன். இதை விடமாட்டேன்.

ஆகவே ஃபாதர், இந்தப் பத்திரிகை உங்கள் மேசைக்கு வருவது எனக்குத் தெரியும். பிலோமினாவுக்காகச் செபியுங்கள், வியாழக்கிழமை நல்லபடியாக முடிய வேண்டும். ஆனால் வருகிற ஞாயிறு ஒரு திருத்தம் வாசியுங்கள். கீழ்ப்பாதி அவள். மேல்பாதி நான்.

சூசையப்பருக்குத் தெரியும், அது போதும் என்று சொல்லாதீர்கள் — அவர் பூசையில் அறிவித்தல் வாசிப்பதில்லை.