பிஸ்கற் ரின்னுக்குள் இருந்த கையுறைகள்

ரொறன்ரோவில் பனி முடிந்து, மகளின் கையுறைகளையும் கம்பளித் தொப்பியையும் பெட்டியில் அடுக்கும் ஒவ்வொரு முறையும் என் மூக்கு தானாகவே காய்ந்த வேப்பிலை மணத்தைத் தேடுகிறது.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், இப்போது இடம் தெரியாமல் போய்விட்ட எங்கள் வீட்டில், விசா வந்ததும் போடுங்கள் என்று அப்பா கனடாவிலிருந்து அனுப்பிய கையுறைகளை அம்மா ஒரு தகரப் பிஸ்கற் ரின்னில் வேப்பிலையோடு அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். தை பிறந்து மழை ஓய்ந்ததும் அவற்றை முற்றத்துப் பாயில் பரப்பி, நிழல் நகர நகரப் பாயையும் இழுத்து இழுத்துக் காயவிட்டு, பின்னேரம் எனக்கும் தம்பிக்கும் போட்டுப் பார்ப்பார். வியர்த்த விரல்களைக் கம்பளி கடிக்க, கீழே துறைமுகத்தில் கப்பல் ஊத, நாங்கள் கைகளை நீட்டியபடி வெயிலில் நிற்போம்.

நாலாவது தையில் என் பெருவிரல் நுழையவில்லை.

"ஏலாதம்மா, இறுக்குது."

"இறுக்கினாத்தான் குளிர் ஏறாது" என்று சொல்லிவிட்டு, அம்மா அதையும் மடித்து ரின்னுக்குள் வைத்தார்.

ஆறாவது வருடம்தான் விசா வந்தது. ரொறன்ரோ விமான நிலையத்தில் அப்பா எங்களுக்குப் புதுக் கையுறைகளோடு காத்து நின்றார். எல்லாம் நாங்கள் அவரை வழியனுப்பிய நாளின் கைகளுக்கு அளவானவை. என் விரல்களில் பாதிக்கு மேல் ஏறாத கையுறையை அவர் இழுத்து இழுத்துப் பார்த்தார். அவருடைய முகத்தைக் கண்ட அம்மா அவசரமாகச் சொன்னார்:

"இறுக்கினாத்தான் குளிர் ஏறாது."