ஆள் முடிஞ்சுது: ஒரு ரசிகர் வானொலியின் நேர்முக வர்ணனை

எங்கள் மாநிலக் கிரிக்கெட் அணியைப் பற்றி எழுதவும் பேசவும் யாரும் இல்லாதபடியால்தான் நாங்கள் தொடங்கினோம். இங்கிலாந்தில் கவுண்டி அணி என்பார்களே, ஜெர்மனியில் அதற்குக் கிட்டவாக இருந்தது இதுதான். செய்தித்தாளில் குதிரையோட்டத்துக்கு அரைப் பக்கம் கிடைக்கும். எங்களுக்கு ஒரு வரி, அதுவும் எப்போதாவது. ஆகவே இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், பீலெஃபெல்டில், குணம் அண்ணையும் நானும் ஓர் இணையத்தளத்தையும், ஆட்ட நாட்களுக்கென ஓர் இணைய வானொலியையும் தொடங்கினோம். "சுயாதீன ரசிகர் ஊடகம்" என்று தளத்தின் நெற்றியில் எழுதினோம். அணி நிர்வாகத்திடம் எந்த உதவியும் வாங்கவில்லை என்பது பொருள். அவர்கள் தருவதாகச் சொல்லவும் இல்லை, அதை எழுதவில்லை.

எங்கள் தொழில் முறை

நான் எல்லைக்கோட்டருகே நின்று கைத்தொலைபேசியில் வர்ணனை சொல்வேன். குணம் அண்ணை தன் வீட்டில் தொலைபேசியைக் கணினி மைக்கோடு அணைத்து வைத்திருப்பார். அங்கிருந்து என் குரல் லண்டன், பாரிஸ், டொரன்டோ என்று போகும். ஊரில் நான் கணக்கு வாத்தியார். வகுப்பின் கடைசி வாங்கு வரைக்கும் குரல் கேட்கும் என்பதைத் தவிர இந்த வேலைக்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

முதல் நாள் பதற்றத்தில் "ஆட்டமிழந்தார்" என்ற சொல் வாயில் வரவில்லை. "ஆள் முடிஞ்சுது" என்று விட்டேன். எங்கள் பக்கத்தில் அது செத்த வீட்டுப் பேச்சு. ஆனால் கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

"அண்ணை, சனம் அதைத்தான் கேக்குது. விடாதேங்கோ," என்றார் குணம் அண்ணை.

விடவில்லை. விக்கெட் விழும்போதெல்லாம் ஆளை முடித்தேன்.

குணம் அண்ணைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. லைன் அறுந்தால், நேயர்கள் ஓடிவிடாமல் இருக்க ஒரு வயலின் இசைத்தட்டைப் போடுவார். அவரிடம் இருந்த ஒரே இசைத்தட்டு அதுதான்.

இன்னுமொரு விதி என்னுடையது. என் மகன் நிரூபன் அணியின் தொடக்க ஆட்டக்காரன். ஒரு முறை அவனைக் கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்துவிட்டேன். டொரன்டோவிலிருந்து ஒருவர், "இது அப்பா ரேடியோவோ?" என்று எழுதினார். அன்றிலிருந்து அவன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. "தொடக்க வீரர்" என்பேன், ஏதோ வழியில் கண்ட ஆளைப்போல. இதைத்தான் நடுநிலைமை என்று நம்பியிருந்தேன்.

ஆஹென்

அந்த ஞாயிறு ஆஹென் நகரில், அங்குள்ள மாணவர் அணியோடு பயிற்சி ஆட்டம். வேகப்பந்து வீசியவன் சேலத்திலிருந்து பொறியியல் படிக்க வந்த உயரமான பையன். அவன் போட்ட ஒரு பந்து குத்தி எழும்பி, நிரூபனின் ஹெல்மெட்டில் காதுக்கு மேலே பட்டது. பட்ட பந்து உருண்டுபோய் ஸ்டம்பைத் தட்டியது. பெயில்ஸ் விழுந்தன. நிரூபன் முழங்காலில் விழுந்து, பிறகு சரிந்தான்.

என் வாய் பழக்கத்தில் ஓடியது. குணம் அண்ணை பதிவு வைத்திருந்தபடியால் பின்னர் நானே கேட்டேன்: "தொடக்க வீரருக்குத் தலையிலை பட்டிட்டுது... விழுந்திட்டுது... ஆள் முடிஞ்சுது." விழுந்தது என்று நான் சொன்னது பெயில்ஸை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதன் பிறகுதான் விழுந்து கிடப்பது யாரென்று எனக்கு உறைத்தது. தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடினேன். அது சேற்றுத் தண்ணீருக்குள் விழுந்து செத்தது.

லைன் அறுந்தது. பீலெஃபெல்டில் குணம் அண்ணை வழக்கம்போல வயலினைப் போட்டார்.

தமிழ் வானொலியில் பேச்சு நின்று தனி வயலின் வந்தால் என்ன பொருள் என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்புலன்ஸ் வந்தபோது நிரூபன் கண் திறந்திருந்தான். சேலத்துப் பையன் அருகில் நின்று, "சார், வேணும்னு போடலை சார். ஸ்லிப் ஆயிடுச்சு சார்," என்று அழுதுகொண்டிருந்தான். நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரி நடைபாதை

படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு நீளமான ஜெர்மன் சொல்லைச் சொன்னார். முன்பாதி "மூளை". என் காது அதோடு நின்றுவிட்டது. பின்பாதி "அதிர்ச்சி", ஆபத்தில்லை, ஓர் இரவு வைத்துப் பார்ப்போம் என்பதை அவர் மூன்றாம் தடவை சொன்னபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குச் சொல்ல நடைபாதைத் தொலைபேசிக்குப் போனேன். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. கடைசியில் எடுத்தது மனைவி அல்ல. பக்கத்து வீட்டு ராணி.

"அண்ணையோ? மனதைத் திடப்படுத்துங்கோ."

"ஏன், என்ன?"

"என்ன செய்யிறது அண்ணை. எங்கடை கையிலையோ இருக்கு. எங்களுக்கும் இப்பதான் விசயம் தெரியும்." பின்னால் பல பேர் அழும் சத்தம் கேட்டது.

என் மூளை போட்ட கணக்கு இது: நான் தொலைபேசி தேடிப்போன நேரத்தில் உள்ளே ஏதோ நடந்துவிட்டது, ஆஸ்பத்திரி வீட்டுக்கு முதலில் அறிவித்துவிட்டது. நான் பரப்பிய செய்தியை உலகத்திலேயே கடைசியாகக் கேட்டு, மற்ற எல்லோரையும்விட உறுதியாக நம்பியவன் நான்தான். ரிசீவரைத் தொங்கவிட்டு ஓடினேன். அந்த நடைபாதையின் நீளம் இன்றைக்கும் கனவில் வருகிறது.

கதவைத் தள்ளினேன். நிரூபன் கட்டிலில் சாய்ந்திருந்து வனிலா புடிங் தின்றுகொண்டிருந்தான்.

"என்னப்பா, ஏன் இப்பிடி மூச்சு இளைக்கிறியள்?"

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பிப் போய் ரிசீவரை எடுத்தேன். இப்போது மனைவி.

"பிள்ளை இருக்கிறான். ஒண்டுமில்லை," என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ."

"சத்தியமா. புடிங் சாப்பிடுறான்."

"நீங்கள்தானே முடிஞ்சுது எண்டனீங்கள். ஊர் உலகமெல்லாம் கேட்டது."

"அது அவுட் எண்ட கருத்திலையப்பா."

"உங்கடை வாயாலை எனக்கு ஒரு செய்தியும் வேண்டாம். பிள்ளையைக் கதைக்கவிடுங்கோ."

என் ஊடக வாழ்க்கைக்கு எழுதப்பட்ட ஒரே விமர்சனம் அதுதான், நியாயமானதும்கூட. தாதியிடம் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டியபடி நிரூபனைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்.

"அம்மா. ஓம், நான்தான். ஓம், சாப்பிட்டனான். அழாதேங்கோ... இல்லையம்மா, அவுட்டும் இல்லை. அது நோ-போல். அம்பயர் கையை நீட்டிக்கொண்டு நிண்டவர். அப்பா பாக்கேல்லை."

ரிசீவருக்கு வெளியே மனைவியின் குரல் எனக்கும் கேட்டது: "அப்ப கொப்பர் அதையும் பிழையாத்தானோ சொன்னவர்?"

கொப்பர் என்றது என்னை. மனைவி அழுதுகொண்டே சிரிப்பது எனக்குக் கேட்டது. பீலெஃபெல்டில் எங்கள் வீட்டுக்குள் கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று என்னால் அதில் சேர முடியவில்லை.

ரசிகர் ஊடகம் நடத்த வரும் இளையவர்களுக்கு என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். பந்து போன இடத்தைப் பார்த்து வாயைத் திறக்காதீர்கள்; முதலில் நடுவரைப் பாருங்கள். மகனை மகன் என்று சொல்லாமல் விடுவது நடுநிலைமை அல்ல. மைதானத்தில் உங்கள் பிள்ளை நின்றால் தொலைபேசியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நிரூபன் திரும்பவும் ஆட இறங்கிய நாளில் நான் அப்படித்தான் கொடுத்தேன். கை இரண்டும் சும்மா இருந்தன. அவற்றால் கண்ணைப் பொத்திக்கொண்டேன்.