வாண்டா பர்க்கி துடைத்த இடம்

சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வாண்டா பர்க்கி நாற்காலிமேல் ஏறுகிறார். கையுறை மாட்டிய விரல்களில் ஒரு சதுர ஈரத்தாள். குளிர்பெட்டியின் உச்சியை, யார் கண்ணும் படாத அந்தத் தகரப் பரப்பை, ஒரே இழுப்பில் துடைக்கிறார். தாளை மடித்துச் சிறு உறையில் போட்டு மூடி, இறங்கிக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சோளரொட்டியைப் பிட்டு அவரைக் குழம்பில் தோய்க்கிறார்.

"மிஸ் வாண்டா, எங்க வீட்டு அலமாரி மேலயும் ஒரு தடவ தொடச்சிட்டுப் போங்களேன்" என்கிறான் ராஸ்கோ. எங்கள் கடைசல் பட்டறையில் வாய் அதிகம் உள்ளவன்.

"உன் பொண்டாட்டி கூப்பிடட்டும் கண்ணு, வர்றேன். நீ கூப்பிட்டு வந்தா ரெண்டு பேருக்கும் அடி விழும்."

பிக்கெட்ஸ் ஃபெரி ஆலையில் அணுகுண்டுக்கான உறுப்புகளைச் செய்கிறோம். 'குண்டு' என்று யாரும் சொல்வதில்லை, 'பொருள்' என்போம். இடமும் பொருளும் அரசாங்கத்துடையவை. நடத்துவது ஒப்பந்தம் எடுத்த கம்பெனி. அந்தக் கம்பெனி அவசரத்தில் எங்களைக் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்ள அரசாங்கம் அனுப்பிய ஆள் வாண்டா. வயது அறுபதை நெருங்குகிறது. உள்ளூர்க்காரர்தான்; அவருடைய அப்பாவும் இங்கேதான் வேலை பார்த்தார். வாயிலருகே ஒரு தகரக் கொட்டகையில் அவருக்கு மேசை உண்டு, ஆள் அங்கே இருக்க மாட்டார்.

வண்டியை நிறுத்துமுன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். ஓய்வுபெறும் விருந்துகளுக்குத் தவறாமல் வருவார், கம்பெனி வாங்கிய கேக்கைத் தொடமாட்டார். "அதத் தின்ன வாயால நாளைக்கு எப்படிக் குத்தம் சொல்றது?" யாராவது "சரி பண்ணியாச்சு" என்றால் அவருடைய பதில் ஒரே சொல்: "காட்டு." தேவாலயக் கூரையின் ஒழுகலை அடைத்துவிட்டதாகப் பாதிரியார் அறிவித்த ஞாயிற்றுக்கிழமையும், முன்வரிசையிலிருந்து "காட்டுங்க" என்று குரல் வந்தது. பாதிரியார் ஏணி எடுத்துவரப் போனார்.

நாங்கள் கடைவது பெரிலியம். எடை குறைந்த, உறுதியான உலோகம். அதன் தூளுக்கு மணமில்லை, கண்ணுக்கும் தெரியாது. சிலருடைய நுரையீரலில் மட்டும் அது பகையை மூட்டிவிடும், மூட்டிவிட்டால் அணையாது. யாருக்கு என்பது ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். அதனால்தான் பட்டறைக்குள் காற்றை உறிஞ்சும் விசிறிகள்; வெளிக்காற்று உள்ளே வரலாம், உள்காற்று வெளியே போகக் கூடாது.

ஒரு கோடையில் குளிரூட்டி பழுதாகிவிட்டது. வெக்கை தாங்காமல் நாங்கள் பட்டறைக் கதவைத் திருகாணிப் பெட்டி ஒன்றை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்தோம். மேலதிகாரிகள் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போய் வந்தார்கள். எதிரிலேயே பழைய சாப்பாட்டு அறை. வாண்டா விடுப்பில் இருந்து திரும்பிவந்த அன்று கதவை மூட வைத்தார். பிறகு சாப்பாட்டு அறைக்குள் போய், எங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருந்த குளிர்பெட்டியின் உச்சியைத் துடைத்தார். தூள் படிந்திருக்கிறது என்று சோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்ததும் பட்டறைக்குள் நுழைந்து, "எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார்.

மேலாளர் கெஸ்லர் ஓடிவந்தார். "வாண்டா, மாசக் கடைசிக்குள்ள பொருள் வேணும்னு கேக்குறதே உங்க அரசாங்கம்தான்."

"ஆமா. அதே அரசாங்கம்தான் என்னையும் இங்க நிறுத்தியிருக்கு. ரெண்டு பேருமா அவங்களயே கேப்போம். அதுவரைக்கும் மெஷின் ஓடாது."

எங்களையும் அவர் விடவில்லை. "பெட்டிய வச்சது யாரு?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

பட்டறை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கூடுதல் நேர வேலையை நம்பி வீடு கட்டத் தொடங்கியிருந்த ராஸ்கோ அவரை வாகன நிறுத்துமிடத்தில் மறித்தான்.

"உனக்கென்ன, சர்க்கார் சம்பளம். எங்க அடுப்புல தண்ணி ஊத்திட்டுப் போற."

"வீடு கட்டுனா போதுமா ராஸ்கோ? உள்ள உக்காந்து மூச்சு விட வேணாமா?"

அவன் அவர் காலடியில் துப்பினான். வாண்டா வண்டியில் ஏறினார். அதன்பிறகு ஊரில் முடி திருத்துபவளுக்கு அவருக்கென்று நேரமே கிடைக்கவில்லை. தேவாலயத்தில் அவர் உட்காரும் வரிசையில் அவர் மட்டுமே உட்கார்ந்தார். பாட்டு நேரத்தில் வழக்கம்போலச் சுருதி தப்பி, வழக்கத்தைவிடச் சத்தமாகவே பாடினார்.

அந்த அறையில் சாப்பிட்ட எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எங்களில் சிலருக்கு அந்தப் பகை இருந்தது. எனக்கு இல்லை. ராஸ்கோவுக்கும் இல்லை. தற்காலிகமாகப் போட்டிருந்த கூடாரத்தில் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில் வாண்டா சொன்னார்: "என்னோட ரிசல்ட்டும் வந்திருச்சு. எனக்கு இருக்கு."

ராஸ்கோதான் முதலில் பேசினான். "அதிகாரிங்க ரூம்ல குளுகுளுன்னு உக்காந்து சாப்பிட்டிருக்கலாமே மிஸ் வாண்டா. எங்களோட எதுக்கு வந்து உக்காந்தீங்க?"

"அங்க யாரு கண்ணு உள்ளதப் பேசுறா? பேச்செல்லாம் இங்கதான."

அன்று மாலை ராஸ்கோ தானாகவே அவருடைய கொட்டகைக்குப் போய், பெட்டியை வைத்தது தான்தான் என்று சொன்னான். "தெரியும்" என்றாராம் வாண்டா. "கெஸ்லர் அதத் தாண்டிப் போனதையும் சொல்லு. ரெண்டையும் எழுதணும்." அவன் சொன்னான். கெஸ்லர் அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். ராஸ்கோவை வேலையிலிருந்து நீக்கவேண்டும் என்று கம்பெனி கேட்டது. தானே முன்வந்து உண்மை சொன்னவனை நீக்கினால் இனி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று வாண்டா விசாரணையில் வாதாடினார். சம்பளமில்லாமல் சில வாரம் வீட்டிலிருந்துவிட்டு அவன் திரும்பிவந்தான்.

குளிர்காலத்தில் பட்டறை மறுபடி திறந்தது, தானாக மூடிக்கொள்ளும் இரட்டைக் கதவுகளோடு. சாப்பாட்டு அறையை முற்றத்துக்கு அப்பால் வேறொரு கட்டடத்தின் மாடிக்கு மாற்றினார்கள். வாண்டா இனிப் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. வாஷிங்டனில் மேசை வேலை தருவதாகச் சொன்னார்கள். "அங்க சன்னல் வழியா என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு இங்கேயே இருந்துகொண்டார். உள்ளே போய்ப் பார்க்க வேறொரு அதிகாரி வருகிறார். அவர் வெளியே வந்து "எல்லாம் சரியா இருக்கு" என்றால், அவர் உள்ளே படமெடுத்த கேமராவுக்குக் கை நீட்டுகிறார் வாண்டா.

போன வாரம் மதியம் நாங்கள் சிலர் அவரோடு சேர்ந்து மாடிப்படி ஏறினோம். பாதியில், படி திரும்பும் இடத்தில் அவர் நின்றுவிட்டார். அங்கே சுவரில் ஒரு மீன்பிடிப் போட்டி அறிவிப்பு. போட்டி முடிந்து பல மாதம் ஆகிறது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, முகத்தை அதனருகே கொண்டுபோய், முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார். தோள்கள் ஏறி இறங்கின. பின்னால் நாங்கள் தயங்கி நிற்பது தெரிந்து, திரும்பிப் பாராமலே, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, மேலே போகும்படி விரல்களை அசைத்தார்.