இரண்டாம் முறை ஏறிய மலை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, நீங்கள்தாம் சாட்சி. சென்ற ஆண்டு என் அண்ணன் இறந்த துக்கம் கேட்க வந்தபோது, "கந்தகப் புகை தின்ன நெஞ்சு, வேற என்ன செய்யும்?" என்றீர்கள். காசநோய் என்றும் சிலர் சொன்னீர்கள். நான் மறுத்தேன், துயரத்தில் பேசுகிறான் என்று ஒதுக்கினீர்கள். ஓராண்டாக அதே சொற்களைக் கேட்டுச் சலித்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

எம். புதுப்பட்டிக்கு அருகில், மானாவாரி நிலமுள்ள குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணன். அப்பா காலமானபோது அவருக்கு வயது பதினாறு. எங்கள் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலைகள் எதிலும் அவர் ஒருநாளும் வேலை செய்ததில்லை. பாறையில் வேட்டு வைத்துக் கிணறு தோண்டியே அம்மாவைக் காத்தார்; என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். என் படிப்பு முடியட்டும் என்று தம் திருமணத்தையும் தள்ளிப்போட்டார். அரைநாள் கடப்பாரை போட்டாலும் மூச்சு வாங்காதவர்.

எல்லைப் போருக்குப் பின் வடக்கே பனிமலையில் சாலை அமைக்க, வேட்டு வைக்கத் தெரிந்தவர்களை எடுத்தார்கள். அண்ணனும் போனார். அங்கே காற்று மெலிது. வழியில் இரண்டு முகாம்களில் பல நாள் தங்கவைத்து, நெஞ்சு பழகிய பின்பே மேலே அனுப்பினார்கள். ஓராண்டு குறைவின்றி உழைத்து, விடுப்பில் ஊருக்கு வந்தார்.

ஒரு மாதம் கழிந்ததும், "வியாழக்கெழம நான் ரயிலேறணும். வழியில தங்கித்தான் மேல போகணும்" என்றார்.

எங்கள் தாய்மாமா சிரித்தார். "ஒரு வருசம் அங்கன குடியிருந்த ஆளுக்கு இனி என்ன மாப்ளே தங்கலு? புதுப்பொண்ணா நீ, அங்கங்க தங்கிப் போக?"

நானும் மாமாவின் பக்கமே பேசினேன். அடுத்த வாரம் சாத்தூரில் எனக்குப் பேச்சுப் போட்டி. முன்வரிசையில் அண்ணன் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தேன். அவர் எனக்காக ஊரிலேயே இருந்துவிட்டார். மனித உறுதி இயற்கையை வெல்லும் என்பது என் கட்சி. "காற்றில்லா மலையில் மூச்சை வென்றவர் இதோ அமர்ந்திருக்கிறார்" என்று அவரைச் சுட்டிக்காட்டினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதற்பரிசு எனக்கே.

பேருந்தில் திரும்புகையில் அண்ணன் சொன்னார்: "நல்லாத்தாம்லே பேசினே. ஆனா அங்கன நாலு எட்டு ஏறினா நானே உக்காந்துருவேன். அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

"அதச் சொன்னா கைதட்ட மாட்டாக அண்ணே."

"அதுவுஞ் சரிதான்" என்று சிரித்தார்.

மறுநாள் கிளம்பினார். பிந்திக் கிளம்பியதால், வேலையில் சேர வேண்டிய நாளுக்குள் போய்விட முகாம்களில் தங்காமல், நேரே மேலே செல்லும் லாரியில் ஏறிக்கொண்டார். பழைய ஆள்தானே என்று அங்கிருந்தவர்களும் விட்டுவிட்டார்கள். மேலே சேர்ந்த இரண்டாம் நாள் இருமல் கண்டது. மூன்றாம் நாள் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். கோழையில் இரத்த நுரை வந்தது. கீழே இறக்கப் பனி வழிவிடவில்லை. அன்று மாலையே உயிர் பிரிந்தது.

உடன் வேலை செய்த சாத்தூர் நண்பர் அண்ணனின் துணிப்பெட்டியைக் கொண்டுவந்து தந்தபோது சொன்னார்: "நெஞ்சுக்குள்ள தண்ணி கோத்துக்கிருச்சு தம்பி. ஒரு மாசம் நம்மூர்க் காத்தக் குடிச்சா, பழகின பழக்கமெல்லாம் போயிருமாம். திரும்ப மொதல்லயிருந்து பழக்கணுமாம். பழைய ஆளுகதான் இப்பிடி மாட்டுறாகன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு."

புகையன்று, காசமுமன்று. வழியில் தங்க வேண்டிய நாட்களை நாம் இங்கே பிடுங்கிக்கொண்டோம். அதில் பெரும்பங்கு என்னுடையது. அதைப் புகையின் மேல் ஏற்ற உங்களுக்கு மனம் வரலாம், எனக்கு வரவில்லை.

கடைசி மூச்சுவரை அண்ணனைத் தோளில் சாய்த்திருந்த சாத்தூர் நண்பருக்கும், அருகிருந்த முகாம் மருத்துவருக்கும், அம்மாவுக்கு ஒரு மாதம் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இம்மலரை அச்சிட்ட திருத்தங்கல் அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நம் ஊரார் நால்வர் இன்னும் அந்தச் சாலையில் இருக்கிறார்கள். பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் எழுந்து நின்று நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். அன்று எவரும் கைதட்டவில்லை. "அந்த நாலு பேரில் யார் விடுப்பில் வந்தாலும் அவுக வாசல்ல வந்து நிப்பேன். விருந்துன்னாலும் கல்யாணம்னாலும், வழியில தங்குற நாள லீவுல ஒதுக்கிவச்சு, முன்கூட்டியே ரயிலேத்தி விடுவேன். நாலு எட்டுக்கு எங்கண்ணன் உக்காந்ததையும் சொல்லித்தான் அனுப்புவேன்."