கொழுப்பு ஊற்றிய கை

ரத்தம் வழியும் நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டு சங்ககிரி சாலையில் நடந்தேன். ஆறு மாதம் நான் சமைத்த பண்ணையக்காரர் வீட்டு ஒப்பாரி பின்னால் கேட்டது.

ரத்தக் குழாய் தடித்துவிட்டது, நெய்யும் ஆட்டுக்கொழுப்பும் ஆகாது என்று சேலத்து டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். கம்பங்களியும் கீரையுமே போட்டு வந்தேன். அன்று மத்தியானம் வெண்கல வட்டிலை என் முகத்தில் எறிந்தார்.

"மாட்டுக்காடா போடற? கறியக் கொண்டாடா, நாயே!"

தடுத்த மனைவியையும் உதைத்தார். எனக்கு வெறி ஏறியது. விருந்தாளிகளுக்கு வைத்த கறிக்குழம்பில் மிதந்த கொழுப்பையெல்லாம் வழித்து அவருக்கு ஊற்றினேன். 'தின்று சாவு' என்று மனதுக்குள் சொன்னேன். சிரித்துக்கொண்டே தின்றார். கை கழுவ எழுந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தார். பிறகு மூச்சில்லை.

சுவரோரம் கிடந்த அந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"அடிச்சா நீயும் திருப்பி அடிச்சிருக்கலாமில்ல சாமி? சோத்துல எதுக்குக் கோவத்தக் காட்டுன?"

திருப்பி அடித்திருந்தால் நான் ஜெயிலில் இருந்திருப்பேன், அவர் உயிரோடு இருந்திருப்பார். அதுவே மேல் என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் காலை சங்ககிரியில் ரோடு போடும் மேஸ்திரியிடம் வேலை கேட்டேன். அவர், "சமைக்கத் தெரியுமா? ஆளுகளுக்குச் சோறாக்கோணும்" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன். சம்மட்டியை எடுத்துக்கொண்டு கல் உடைக்கப் போனேன்.