மூன்றாவது வெளிவழி

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். யாரோ ஒரு குறும்புக்காரன் வைத்தது. பிறகு முதலாளியே அப்படித்தான் கூப்பிட்டார். இளவயதில் சேர்ந்தவள், நரை கண்ட பிறகும் அதே ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்து, பென்சில் தடிமன் கிரைண்டரால் ஊரார் பற்களைத் தேய்த்தாள். அவள் கைபட்ட பல் கடிக்கும்போது இடிக்கிறது என்று திரும்பி வந்ததே இல்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்.

"பாத்து எடு. எடுத்துட்டா திருப்பி வைக்க உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது."

அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பழைய இரண்டு கதவுக் காரைக் கட்டிக்கொண்டவன். அந்தக் காரின் சிறிய எஞ்சினைக் கழற்றிவிட்டு, விபத்தில் நசுங்கிய வேன் ஒன்றின் பெரிய எஞ்சினை அதில் ஏற்ற வேண்டும் என்பது அவன் ஆசை. உற்பத்தி நின்றுபோன எஞ்சின். பழைய இரும்புக் கடைகளில் வருடக்கணக்காக அலைந்து பிடித்தான். அக்கா வீட்டு கார் ஷெட்டில் அதைப் பிரித்துப் போட்டு, மேலே மூடியிருந்த சிலிண்டர் ஹெட்டை மேஜையில் ஏற்றினான். எஞ்சினுக்குக் காற்று உள்ளே போகும் வழிகளும் புகை வெளியே வரும் வழிகளும் அந்த அலுமினியக் கட்டிக்குள்தான் இருக்கின்றன. வார்ப்பில் வந்த மேடு பள்ளங்களை எடுத்துவிட்டு வழியைக் கொஞ்சம் அகலமாக்கினால், எஞ்சின் தாராளமாக மூச்சு விடும்.

முதல் சிலிண்டரின் உள்வழியையும் வெளிவழியையும் முடித்த வாரத்தில் கிரைண்டர் அவன் கையிலிருந்து நழுவியது. மறுநாள் ஸ்பேனர். அடுத்த மாதம் சட்டைப் பொத்தான். நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் வியாதி என்றார் டாக்டர். கை, பிறகு கால், பிறகு குரல், கடைசியில் மூச்சு. காது மட்டும் முடிவுவரை நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா என்பது தெரியவில்லை.

அக்கா அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்தாள். ஷெட்டை ஒட்டிய அறையில்தான் படுப்பேன் என்று அவன் அடம்பிடித்தான். படுத்த மூன்றாம் நாளே ஆரம்பித்தான்.

"அக்கா, மிச்சத்தை நீ குடை."

"நான் பல்லு தேய்க்கிறவ டா."

"இதுவும் வாய்தான். வாயைப் பொளந்துகிட்டுப் படுத்திருக்கு, போய்ப் பாரு. உன் மெஷின் தங்கச்சி, என் மெஷின் அண்ணன். அவ்வளவுதான் வித்தியாசம்."

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் ஓட்டுன பஸ்ஸை ஒருத்தனும் குடைஞ்சதில்ல மச்சான். அதுவும் ஓடிச்சு."

"அத்தான், அது ஓடல. ஜனங்க தள்ளுனாங்க."

வெகு நாள் கழித்து அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் ஒப்புக்கொண்டதும் அந்தச் சிரிப்பினால்தான்.

வேலை முடிந்து வந்து, காதடைப்பானை மாட்டிக்கொண்டு, கிரைண்டர் முனையை மண்ணெண்ணெயில் தொட்டுத் தொட்டுக் குடைந்தாள். அலுமினியத் தூள் வெள்ளி மாவாகப் பறந்து புருவத்தில் படிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன், கண்ணால் பார்ப்பதைப்போலக் காதால் பார்த்தான். காதடைப்பானையும் மீறி அவன் குரல் வந்து விழும்.

"அழுத்தாத! கத்துது பாரு!"

"ஒரே எடத்துல நிக்காத, ஓட்டிக்கிட்டே இரு!"

"மூடிக்கிட்டுப் படு டா!" என்று இவளும் கத்துவாள். கத்தினாலும் அவன் சொன்னதைத்தான் செய்வாள்.

அவன் சட்டம் ஒன்றே ஒன்று. நான்கு உள்வழியும் ஒரே அளவு, நான்கு வெளிவழியும் ஒரே அளவு. ஒன்று கூடக் குறைய இருந்தால் எஞ்சின் நொண்டும். அது அவளுக்குப் பிடித்த சட்டம். காலிபரால் அளந்தாள்; சுண்டுவிரலை உள்ளே விட்டு வளைவைத் தடவினாள்; பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தாள். இரண்டாவது சிலிண்டர் முதலாவதின் நகலாக வந்தது.

இப்படியே மூன்றாவது வெளிவழிக்கு வந்தாள். மற்ற இரண்டைவிட அது மயிரிழை குறுகலாக இருந்தது. சமமாக்கக் குடைந்தாள். இன்னும் கொஞ்சம் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எடுத்தாள். வார்க்கும்போதே அந்த இடம் கோணலாக விழுந்து, சுவர் மெலிந்திருந்தது. வெளியிலிருந்து யாருக்கும் தெரிய வழியில்லை. முனை சட்டென்று உள்ளே போயிற்று.

நிறுத்திவிட்டுக் கண்ணாடியை நுழைத்தாள். கடுகளவு கறுப்புப் புள்ளி. அதற்குப் பின்னால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறை.

அவள் போய் நின்றபோது தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"முடிஞ்சுதா?" என்றான். குரல் கம்மியிருந்தது.

"ம். மூணு முடிஞ்சுது."

"நாலாவதை உன் இஷ்டப்படி செய். இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உனக்கே கை வந்துடுச்சு."

தம்பி வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு அதுவரை வந்ததில்லை. வந்த நாள் அதுவாக இருக்க வேண்டுமா? அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு அவன் வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் ஹெட்டைத் துணியில் சுற்றி வெல்டரிடம் கொண்டுபோனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அடைக்கலாம்மா. முழுசா சூடு பண்ணணும், அடைக்கணும், முகம் சீவணும், வால்வு சீட்டு மாத்தணும். மெஷின்காரன்கிட்ட வரிசை நிக்குது. மழைக்காலம் முடிஞ்சதும் வாங்க."

"அவ்வளவு நாள் இல்லீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும். பசை கிசை வச்சுடாதீங்க. ஒரு தடவை பசை ஏறிடுச்சுன்னா அந்த எடத்துல அப்புறம் வெல்டிங் பிடிக்காது. இந்த ஹெட்டு அதோட குப்பைதான்."

"வச்சா எவ்வளவு நேரம் தாங்கும்?"

"சூடு ஏறுற வரைக்கும்."

அந்த வாரம் டாக்டர் மூச்சுக்கு முகமூடி மாட்டிவிட்டுப் போனார். வாசல்வரை கூடவே வந்த அவளிடம், இனி வாரக்கணக்குதான் என்றார். வேறு ஹெட் கிடைக்குமா என்று அவள் வீட்டுக்காரர் நான்கு இடம் ஏறி இறங்கிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாடிய முகத்தோடு வந்து நின்றார். கிடைக்கவில்லை.

நாலாவதை முடித்துவிட்டு, ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் ஹெட்டைப் பல் செட் கூடத்துக்குத் தூக்கிப்போனாள். தன் முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு டியூப் உலோகப் பசையைக் குழைத்தாள். முனையில் எடுத்து, அந்தக் கடுகளவு கறுப்பில் வைத்து அழுத்தி, காய்ந்ததும் சுற்றிலும் இழைத்துப் பளபளப்பாக்கினாள். சொத்தைப் பல்லை அடைக்கிற மாதிரிதான். விரலால் தடவினால் எது உலோகம் எது பசை என்று தெரியாது. அவள் செய்ததிலேயே மிக அழகான அடைப்பு அது.

வீட்டுக்காரர் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டே கேட்டார். "ஓடுமா?"

"ஓடும்."

"எவ்வளவு தூரம்?"

"அவன் காது வரைக்கும்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துக்கொண்டார்.

எல்லாம் மாட்டி முடித்த நாள், அறைக் கதவையும் ஷெட் கதவையும் விரியத் திறந்து வைத்தாள். கட்டிலைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினாள். வீட்டுக்காரர் சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது. மறுபடியும் இருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தடதடவென்று இல்லை, நான்கும் ஒரே சீராக, தடிமனான ஒரே குரலாக வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். இமையோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் இறங்கப் பார்த்தது. காதுக்குள் போகாமல் அதை அவள் விரலால் வழித்துவிட்டாள். பிறகு ஓடிப்போய்ப் புகைக்குழாயைப் பார்த்தாள்.

முதலில் வரும் வெள்ளைப் புகை போகப்போக அடங்க வேண்டும். இது அடங்கவில்லை, கெட்டியாகிக்கொண்டே வந்தது. திகட்டும் ஒரு நெடி கிளம்பியது. பசை விட்டுப்போய், தண்ணீர் புகைவழிக்குள் இறங்குகிறது. அவள் கையை உயர்த்தினாள். வீட்டுக்காரர் சாவியைத் திருகி நிறுத்தினார்.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால் சொல்ல, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று ஒரு பொய் தயாராக இருந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தம்பி முகமூடியை எடுக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினான். எடுத்தாள். குனிந்து காதை அவன் வாயருகே வைத்தாள்.

"மூணாவதுதானே?"

"எப்படிடா தெரியும்?"

"சத்தம் மாறிச்சு. பொக்குன்னு." மூச்சு வாங்கினான். "போதும்னு கத்துனேன்."

"எப்போ?"

"ஓட்டை விழறதுக்கு முன்னால." மறுபடி மூச்சு. "கத்திக்கிட்டே இருந்தேன்."

உன் இஷ்டப்படி செய், இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அது பாராட்டு இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று முனை சுவரைத் துளைத்தது அவனுக்கும் தெரியும். தன் குரல் இனி அந்தச் சுவரைத் தாண்டாது என்பதும் அன்றுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"நல்லா ஓடிச்சு," என்றான். "நொண்டல."

அவள் முகமூடியை மாட்டிவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே அவன் போய்விட்டான். கார் ஷெட்டிலேயே தார்ப்பாய்க்குள் நிற்கிறது. பழைய இரும்புக்காரரை வரச்சொல்லட்டுமா என்று வீட்டுக்காரர் எப்போதாவது கேட்பார். அவள் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

கூடத்தில் இப்போது அவள் காதடைப்பானை ஒரு காதுக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறாள். மற்றதை மேலே தள்ளி விட்டிருப்பாள். "செவிடாகப் போறே பல்லக்கா," என்று முதலாளி திட்டிப் பார்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மெஷினை நிறுத்துவாள். கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.

"யாராவது கூப்பிட்டீங்களா?"

இல்லை என்பார்கள். அவள் திறந்த காதைக் கதவுப் பக்கமே வைத்துக்கொண்டு, மறுபடி மெஷினைப் போடுவாள்.