ஷட்டரில் ஒட்டிய சேவல்

என் கடை ஷட்டரில் ஒரு சேவலை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிவப்புக் கொண்டை, கத்துவதற்காகப் பிளந்த அலகு, கால் நகங்களில் இறுக்கிப் பிடித்த ஒரு கிடார். அதன் கீழே மூன்று ஊர்களின் பெயர்: வில்லியனூர், பிள்ளைச்சாவடி, பாகூர். அடுத்த மாதம் மூன்று சனிக்கிழமைகள், மாலை ஆறு மணி, அனுமதி இலவசம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மனை விற்பனைக் கம்பெனியின் விளம்பரம், பாடுகிறவர்களின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். ஒட்டிய அன்று காலையில் பூட்டைத் திறக்கக் குனிந்தபோது அந்தச் சேவலின் கண் என் முகத்துக்கு நேராக இருந்தது. கிழித்துவிடலாம் என்று ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்தேன். பசை அப்போது ஈரமாகத்தான் இருந்தது, இழுத்தால் வந்திருக்கும். ஏனோ கை வரவில்லை. இந்தச் சேவலைப் பிறப்பித்தவனே நான்தான்.

வில்லியனூர் கடைத்தெருவில் ஆணியும் பெயிண்டும் பைப்பும் விற்கிற இந்தத் தொந்திக்காரன் ஒரு காலத்தில் பாட்டு எழுதினான் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. எழுதினேன். கூழ் வார்க்கும்போது பாடுகிற பாட்டு, நடவில் பெண்கள் பாடுகிற பாட்டு, இவற்றின் மெட்டை எடுத்து, எலெக்ட்ரிக் கிடாரையும் டிரம்ஸையும் பறையையும் சேர்த்து, தொண்டை கிழியக் கத்துகிற குழு எங்களுடையது. இன்றைக்குப் பத்திரிகைக்காரர்கள் அதைப் பங்க் ஃபோக் என்கிறார்கள், முன்னோடி என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் அதற்குக் காட்டுக்கத்தல் என்று பெயர். முன்னால் நின்று பாடியவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சட்டையில் கிழிசலைக் கத்தரியால் வெட்டி உண்டாக்கிக்கொண்டு மேடையேறுவார். என் அப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, இருக்கிற நல்ல சட்டையைக் கெடுத்துக்கொள்கிறவன் உருப்படவா போகிறான் என்று தலையில் அடித்துக்கொள்வார்.

குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த ஊரில் பாடப் போகிறோமோ அந்த ஊரின் குறையை ஒரு பாட்டாகக் கட்டி அங்கேயே பாட வேண்டும். ஒரு முறைதான். பாடி முடித்ததும் எழுதிய தாளை மேடையிலேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வேறு ஊரில் அதைத் தொடக் கூடாது. குறை கேட்டு வருகிற வேலை என்னுடையது. இரண்டு நாள் முன்னால் அந்த ஊருக்குப் போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருப்பேன். எனக்கு அதில் பெரிய கர்வம். ஊரின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவன் என்று நினைப்பு. நெல் எந்த மாதம் கதிர் விடும் என்று கேட்டால் விழித்திருப்பேன். பிறந்தது முதல் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தே உலகத்தைப் பார்த்தவன்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு ஊர். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏன் என்பது கடைசியில் தெரியும். பொங்கல் கழிந்த வாரம் அங்கே பாடப் போனோம். டீக்கடையில் ஒரே பேச்சு, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்பது. ஏரி ததும்பி நிற்கிறது, மதகைத் திறந்தாயிற்று, வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல்களில் மட்டும் நாற்று வெளுத்துப்போய் நிற்கிறது. யார் மேல் தப்பு என்று கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மதகைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏரிக்கரைக்கு நடந்தேன். அங்கே என் கண்ணால் பார்த்தேன். ஊரிலேயே பெரிய நிலக்காரர் வீட்டு ஆள் ஒருவர், கால் கட்டிய ஒரு சேவலை மதகுக்காரரிடம் கொடுக்கிறார். இவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்து, பதமாக வைக்கிறார். மதகைத் திறந்து மூடுகிற, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று தீர்க்கிற மனிதர் அவர். எனக்கு வேறென்ன வேண்டும்? நடந்து வருவதற்குள் பாட்டு வந்துவிட்டது.

‘சேவலுக்கு மதகை வித்த மதகுக்காரா, எங்க கடைமடைக்கு எப்ப விடியும் மதகுக்காரா’ என்று பாடி, ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அண்ணன் கழுத்தை நீட்டி ‘கொக்கரக்கோ’ என்று ஒரு கூவல் கூவ வேண்டும். கூவினார். கோயில் திடலில் இருந்த சனம் மொத்தமும் திருப்பிக் கூவியது. கிடார் சத்தம் கேட்கவில்லை, பறை கேட்கவில்லை. பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் வாழ்நாளில் அப்படி ஒரு கைத்தட்டல் வாங்கியதில்லை. மதகுக்காரர் கூட்டத்தில்தான் இருந்தாராம். பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகளோடு வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. பாட்டு முடிந்ததும் அண்ணன் தாளைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து நாள் கழித்து மதகுக்காரர் எங்கள் கடைக்கு வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு ஏறி வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். முழங்கால் வரை சேறு காய்ந்த தடம் போகவே போகாது போலிருந்தது. என்ன சாமான் வேண்டும் என்று அப்பா கேட்டார். ஒன்றும் வேண்டாம், பாட்டு எழுதுகிற தம்பியைப் பார்க்க வந்தேன் என்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் விறைத்துக்கொண்டு நின்றேன். அவரோ முதலில் பாட்டைப் புகழ்ந்தார். மெட்டு நல்ல மெட்டு என்றார். அப்புறம்தான் சேவல் சங்கதியைச் சொன்னார், வகுப்பில் மந்தமான பையனுக்குச் சொல்வது போல நிதானமாக.

வருஷத்துக்கு ஒருமுறை, பாசனத்துக்கு மதகைத் திறந்த முதல் வாரத்தில், மதகடியில் இருக்கிற கன்னிமார் கல்லுக்குச் சேவல் அறுத்துப் படைப்பார்கள். அந்தச் சேவலை ஊரில் நிலம் வைத்திருக்கிற குடும்பங்கள் முறை வைத்துக் கொடுக்கும். அந்த வருஷம் பெரிய வீட்டு முறை. வாங்கிக்கொண்டு போய்ப் படைக்க வேண்டியது மதகுக்காரர் வேலை. அவ்வளவுதான். கடைமடைக்குத் தண்ணீர் வராததற்குக் காரணம், நடுவில் மனை போட்ட ஒருவர் வாய்க்காலில் மண்ணைத் தள்ளி மேடாக்கியது. அதுவும் ஊருக்கே தெரியும். டீக்கடையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்களே, அது அதனால்தான். இதெல்லாம் தெரிந்தவர்கள் ஏன் கூவினார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நல்லா இருந்துச்சி, கூவிட்டாங்க. வூட்டுக்குப் போனா நெனச்சிப் பாப்பாங்கன்னு இருந்தேன். பாக்கல.”

அவர் வைத்த கோரிக்கை சின்னது. “மதகுக்காரான்றத மட்டும் எடுத்துடு தம்பி. வேற இன்னா வேணா போட்டுக்க. ஊருக்கு ஒரே ஒரு மதகுக்காரன்தான? பேரச் சொல்லிப் பாடுன மாதிரிதான் அது. தெருவுல சைக்கிள்ல போவ முடியல, புள்ளைங்க கூவுதுங்க. எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னுது.” எடுத்துவிடுகிறேன் என்றேன். நிஜமாகவே அப்போது எடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அந்தச் சேவலை வாங்கிய அதே மாதிரி.

அடுத்த வாரம் கேசட்டுக்கு ஒலிப்பதிவு. அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் பாதிதான் சொன்னேன். அந்த ஆள் வருத்தப்படுகிறார் என்றேன், அவர் தப்பு செய்யவில்லை என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் ஊர்நாடி பிடிக்கத் தெரிந்தவன் என்ற என் பட்டம் போய்விடும். வருத்தப்படுவதற்காகத்தானே பாட்டு என்றார் அண்ணன். நானும் தலையாட்டினேன். ‘மதகுக்காரா’ என்ற இடத்தில் வேறு வார்த்தை எத்தனையோ உட்கார்ந்திருக்கும். தேடியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கிடைத்திருக்கும். தெரியாமல் செய்தது மேடையில் பாடியது. தெரிந்தே செய்தது இது.

கேசட் எங்கெங்கோ போயிற்று. ஒரே முறை பாட வேண்டிய பாட்டை அண்ணன் கடல் கடந்தும் போய்ப் பாடினார். சேவல் குழுவுக்குச் சின்னமாயிற்று, பனியனில் ஏறியது, கார் கண்ணாடியில் ஏறியது. வாய்க்காலை மேடாக்கியவரின் மனைகளில் வீடுகள் எழும்பின, அவற்றுக்கு நான்தான் பைப் விற்றேன். மதகுக்காரரை ஊர் நீக்கவில்லை. அடுத்த வருஷம் சேவல் முறை வந்த வீடு கொடுக்கக் கூச்சப்பட்டது, இவர் வாங்கக் கூச்சப்பட்டார், கன்னிமாருக்குப் படையல் நின்றது. பிறகு அவராகவே வேலையிலிருந்து நின்றுகொண்டார். அப்பா போன பிறகு நான் கடையோடு உட்கார்ந்துவிட்டேன், பாட்டை விட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு இல்லை, பாட்டுதான் என்னை விட்டது. ஒவ்வொரு ஊரிலும் கண்ணால் பார்ப்பது இன்னதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டால் பாட்டு எங்கே எழுதுவது? இரண்டு வருஷத்துக்கு முன் பாகூர் பக்கம் சரக்கு இறக்கப் போனபோது, பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனரில் மதகுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தவில்லை.

சுவரொட்டி ஒட்டிய அன்று மாலையே அண்ணன் கடைக்கு வந்தார். முடிக்குச் சாயம், முழங்காலுக்கு உறை, சட்டையில் இன்னும் அதே கிழிசல், ஆனால் இப்போது கடையிலேயே கிழித்து விற்கிறார்களாம். பாகூர் மேடையில் எனக்குச் சால்வை போடப்போவதாகச் சொன்னார். அப்போதுதான், வெட்கமில்லாமல், இத்தனை காலம் தாழ்த்தி, மீதிப் பாதியைச் சொன்னேன். பாகூரில் மட்டும் அந்தப் பாட்டை விட்டுவிடலாமே என்று கேட்டேன். “அந்தப் பாட்டு இல்லன்னா எவன்டா வருவான்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பரிதாபம். பிறகு, வேண்டுமானால் பாட்டுக்கு முன்னால் நீயே மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொல்லிக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன் என்றார். எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த ஊர் சனமும் வருகிற பாகூர் மேடையில், மதகுக்காரர் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டால் போதும். நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது, அந்தக் கெட்ட பழக்கம் விடவில்லை.

மேடையேறும் முன் மதகுக்காரரின் மகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றி அந்த ஊருக்குப் போனேன். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறார். நாற்பதைத் தாண்டியிருப்பார், அப்பாவின் உயரம். நான் யார் என்று சொல்ல ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டார். “தெரியும். இரும்புக் கடைக்காரர்தான? அப்பா ஒங்கள வந்து பாத்துட்டு வந்து, அந்தத் தம்பி எடுத்துடறேன்னு சொல்லிட்டாரு, நீ ஸ்கூலுக்குப் போன்னாரு. நானும் போனேன். கேசட்டு வர்ற வரைக்கும் அவரு சந்தோஷமாத்தான் இருந்தாரு.” அவர் குரல் உயரவில்லை. ரவிக்கைத் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்.

மேடையில் சொல்லப்போவதைச் சொன்னேன். எழுதிய தாளை நீட்டினேன். வாங்கவில்லை. “வேணாங்க. இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல. மதகுக்காரன்னா யாருன்னே இப்ப இருக்கறதுங்களுக்குத் தெரியாது. அது வெறும் சேவப் பாட்டு. நீங்க போயி அவரு நல்லவருன்னு சொன்னீங்கன்னா, யாரு அவருன்னு கேப்பாங்க. அப்புறம் மறுபடியும் எங்க வூட்டப் பாத்துக் கூவுவாங்க. எம் பொண்ணுக்குக்கூடத் தெரியாது. நான் சொல்லல.” சொல்லி வாய் மூடவில்லை, கல்லூரியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். தோளில் பை, பனியனில் சிவப்புச் சேவல். சார் வில்லியனூரிலிருந்து வந்திருக்கிறார், பட்டன் நூல் விஷயமாக என்றார் அம்மா. வில்லியனூர் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. “அங்கதான சார் மொத ஷோ? சேவப் பாட்டு பாடுவாங்கல்ல?” பாடுவாங்கம்மா என்றேன். அவள் உள்ளே போகும்போது கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவிவிட்டுப் போனாள். நன்றாகக் கூவினாள், தாளம் தப்பாமல். அம்மா மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அதனால்தான் இதில் யார் பெயரும் இல்லை, அந்த ஊரின் பெயரும் இல்லை. அவர் எடுக்கச் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதிலாக, எடுத்து ஒருவருக்கும் பயனில்லாத காலத்தில், இவற்றை எடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கேயும் அவரை மதகுக்காரர் என்றுதான் கூப்பிட்டேன், வேறு பெயர் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. சால்வை வேண்டாம் என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். சரி என்றார், காரணம் கேட்கவில்லை.

சுவரொட்டியின் பசை இப்போது காய்ந்து இறுகிவிட்டது. நேற்று சுரண்டிப் பார்த்தேன், மனைக் கம்பெனியின் பெயர் மட்டும் வந்தது. ஷட்டரை மேலே ஏற்றினால் சேவல் சுருண்டு உள்ளே போய்விடுகிறது, இறக்கினால் மறுபடி வந்து நிற்கிறது. வில்லியனூர் நிகழ்ச்சி நடக்கும் திடல் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். அன்றைக்கு ஆறு மணிக்குக் கடைத்தெருவே கூவும். முதல் ஷோவுக்கே வந்துவிடுகிற பிள்ளைகளில் அவளும் இருப்பாள். நான் கடையைத் திறந்தே வைத்திருப்பேன்.